பழைய வண்டி, புதிய எஞ்சின் – 7: உறிஞ்சுவதா, தள்ளுவதா?

சென்ற இதழில், அம்பாஸடர் காரின் பழைய 1489 சி.சி. எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் பிற்கால வண்டிகளில் வைத்த இஸுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை, அதிலும் கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைத் தெளிக்கும் வகையை, அவ்விடத்தில் அமர்த்துவது பற்றி எழுதியிருந்தேன். எஞ்சின் உட்கார்ந்து, கியர்பாக்ஸும் பொருந்திவிட்டால் காரியம் முக்காலே மூன்று வீசம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நம்மில் அநேகர். ஆனால், வண்டியின் பின்கோடியில் கிடக்கும் டாங்கியிலுள்ள பெட்ரோலை முன்கோடியிலுள்ள எஞ்சினுக்கு எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு அளவில், எந்த இடத்திலிருந்து கொண்டு சேர்ப்பது என்ற விஷயத்தை நிர்ணயம் செய்யாதவரையில், அந்த எஞ்சின் பார்வைக்கு அழகான இரும்புச் சாமான் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தைச் சிவகாசியில் இருந்துகொண்டு யோசிப்பதில் ஒரு தனி அநுகூலம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய காலந்தொட்டு, மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமிக்குச் சோறு போட்டு வருவது எதுவென்று கேட்டால், காற்றில் ஈரமின்மையும் வானத்தில் மேகமின்மையும்தான் என்று சொல்லிவிடலாம். மருந்தில் தோய்த்த குச்சி காய்வதும், சுற்றிய வெடி காய்வதும் அந்த வெயிலின் தயவால்தான். அதே வெயில் பெட்ரோலுக்குப் பரம விரோதி. பெட்ரோல் என்பது தண்ணீரைப்போல ஒரே உஷ்ணத்தில் கொதிக்கும் ஒரே பொருளன்று. பல எண்ணெய்களின் கலவையாகிய அதில் மிக லேசானவை நாற்பது டிகிரியை எட்டுவதற்கு முன்பே ஆவியாகக் கிளம்பிவிடும் சுபாவம் உள்ளவை. கத்திரி வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே, சூடேறிய எஞ்சினுக்குப் பக்கத்திலே செல்லும் குழாயில் அவை என்ன பாடுபடுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் இருந்த பழைய பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருப்பது. எஞ்சினுக்குள் சுழலும் காம் தண்டு ஒரு நெம்புகோலை அசைக்க, அது ஒரு ரப்பர்ச் சவ்வை மேலும் கீழும் இழுக்க, அந்த இழுப்பில் பின்னாலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வரும். உறிஞ்சுவது என்றால், குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது. அழுத்தம் குறைந்த இடத்தில் எந்தத் திரவமும் வழக்கத்தைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கத் தொடங்கும். ஆகவே, ஏற்கெனவே கொதிக்கும் தறுவாயில் இருக்கிற பெட்ரோலை உறிஞ்சி இழுப்பது, அதைக் கொதி என்று நாமே உத்தரவிடுவதற்குச் சமானம். குழாயில் பெட்ரோலுக்குப் பதிலாக ஆவிக் குமிழி நிற்கும். சவ்வு அந்தக் குமிழியை விரித்துச் சுருக்கிக்கொண்டிருக்குமே தவிர, ஒரு சொட்டும் நகராது. அக்காலத்து டிரைவர்கள் மே மாதத்தில் பானெட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, கால் மணி நேரம் வேப்பமர நிழலில் காத்திருந்து புறப்பட்டது இந்தக் குமிழியைக் கரைப்பதற்காகத்தான். படிப்பறிவில்லாத வைத்தியம் என்று அதைப் பரிகசித்தவர்களும் உண்டு. பௌதிக சாஸ்திரப்படி அதில் ஒரு குற்றமும் காண முடியாது.

இந்த உண்மையை விருதுநகர் மாவட்டத்து விவசாயிக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்துத் தண்ணீரை உறிஞ்சினால், உச்சக்கட்டமாக முப்பத்து மூன்றடிக்கு மேல் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது, நடைமுறையில் இருபத்தைந்தடியே பெரிது என்பது அவருக்குத் தெரியும். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கிக் கட்டி, கடைசியில் ஆழ்துளையின் அடியில் சப்மெர்சிபிளைப் போட்டுக் கீழிருந்து மேலே தள்ள வைத்தார். உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு. தள்ளுவதற்கு மோட்டாரின் பலமே எல்லை. பெட்ரோலைத் தள்ளும்போது குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறுகிறது. குமிழி தோன்ற இடமே இல்லாமற் போகிறது. இன்ஜெக்டர் எஞ்சினின் பம்பு டாங்கிக்குள்ளேயே பெட்ரோலில் முழுகி உட்கார்ந்திருப்பதற்குப் பிரதான காரணம் இதுவே. சுற்றியுள்ள பெட்ரோலே அதற்குக் குளிர்ச்சியும் தருகிறது.

மின்சார மோட்டாரைப் பெட்ரோலுக்குள் முழுக்குவதா என்று பதறுகிறவர்கள் உண்டு; வெடித்தொழில் செய்கிறவர் பதற மாட்டார். பட்டாசு மருந்தில் எரியும் பொருளோடு வெடியுப்போ வேறொரு பிராணவாயு கொடுக்கும் உப்போ கலந்தே இருப்பதால், அது காற்றின் உதவியை எதிர்பாராமல் மூடிய சுருளுக்குள்ளேயே எரிகிறது. பெட்ரோலுக்கு அந்தச் சக்தி இல்லை. காற்றில் அதன் ஆவி நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழரை பங்கு வரை கலந்திருந்தால்தான் அது தீப்பற்றும். திரவத்துக்குள் முழுகிய மோட்டாரில் பொறி எழுந்தாலும் பற்றுவதற்குக் காற்று இல்லை. அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய சவ்வுப் பம்பு எஞ்சின் நின்ற மறுகணமே தானும் நின்றுவிடும். மின்சாரப் பம்புக்கு அந்த விவேகம் கிடையாது. வண்டி மோதிக் குழாய் அறுந்து எஞ்சின் நின்ற பிறகும், சாவி திறந்திருக்கும்வரை அது சளைக்காமல் பெட்ரோலைச் சாலையில் கொட்டிக்கொண்டிருக்கும். ஆகையால்தான் எஞ்சினின் கணினி, சுழற்சி நின்றதை உணர்ந்த ஓரிரு வினாடியில் பம்பின் ரிலேவைத் துண்டிக்கிறது. மாற்றுவேலையில் வயரிங் சுலபமாகட்டும் என்று பம்பை நேரே சாவியோடு இணைத்துவிடுகிற எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். வெடிமருந்துக் கிடங்குகள் நிறைந்த ஊரில் அப்படியொரு வண்டியை ஓட்டுவது பற்றி என் அபிப்பிராயத்தை அச்சில் எழுதுவது நாகரிகமாயிராது.

அடுத்தது அழுத்தம். கார்புரேட்டர் பம்பு கொடுப்பது கால் பார், அதாவது மூன்று நான்கு பி.எஸ்.ஐ.; இன்ஜெக்டர் எஞ்சின் பொதுவாகக் கேட்பது மூன்று பார், நாற்பதைத் தாண்டிய பி.எஸ்.ஐ. பழைய பம்பை வைத்தே சமாளிக்கலாம் என்று பார்த்தால் எஞ்சின் இருமக்கூட இருமாது. இதற்கு நேர்மாறாக, புதிய பம்பைக் கார்புரேட்டரோடு இணைத்தாலோ, மிதவையின் ஊசி அந்த அழுத்தத்துக்குத் தாங்காமல் பெட்ரோல் பொங்கிச் சூடான மேனிஃபோல்டின்மேல் வழியும். குழாயும் அப்படித்தான்: கார்புரேட்டர் காலத்து ரப்பர்க் குழாயையும் திருகு கிளிப்பையும் மூன்று பாருக்கு வைப்பது உசிதமன்று, இன்ஜெக்ஷனுக்கென்றே செய்த குழாயை வாங்க வேண்டும். அதிலும் 2023 முதல் நம் பங்க்குகளில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டபடியால், பழைய ரப்பரும் பழைய சவ்வும் ஊறி இளகிப்போவது சகஜமாகிவிட்டது.

மூன்றாவதான அளவு விஷயத்தில்தான் உள்ளூர்ப் பட்டறைகளில் பெரிய வாதம் நடக்கும். “பெரிசாவே ஒண்ணு போட்டுருவோமே, அண்ணாச்சி, இருந்துட்டுப் போகட்டும்” என்பார் வண்டிக்காரர். “பம்புக்குக் கொடுக்கிற காசு போகட்டும்யா, ரிட்டர்ன் லைன் தாங்குமா, அதைச் சொல்லும்” என்பார் மெக்கானிக். மெக்கானிக் சொல்வதே சரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 225 கிராம் பெட்ரோல் குடிக்கும். நம் எஞ்சின் 75 குதிரைத்திறன். ஆக மணிக்குப் பதினேழு கிலோ, அதாவது 23 லிட்டர். எத்தனால் கலந்த பெட்ரோலில் சூடு குறைவு என்பதற்காக ஆறேழு விழுக்காடும், பம்பு தேய்ந்துபோகும் காலத்துக்காக இன்னும் கொஞ்சமும் கூட்டினால் மணிக்கு முப்பது லிட்டர். பந்தய வண்டிக்காரர்கள் விரும்பும் 255 லிட்டர்ப் பம்பை இதில் மாட்டினால், எட்டில் ஏழு பங்குக்கு மேல் எஞ்சினுக்குப் பயன்படாமல் ரிட்டர்ன் குழாய் வழியே திரும்பி ஓடும். அந்தச் சிறு குழாய் அதைத் தாங்காவிட்டால் ரெகுலேட்டர் நிர்ணயித்த அழுத்தம் நிலைக்காமல் ஏறும். எஞ்சினின் சூட்டையும் மோட்டாரின் சூட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும் பெட்ரோல் டாங்கி முழுவதையும் காய்ச்சும். எந்தக் குமிழிக்குப் பயந்து பம்பைப் பின்னுக்குக் கொண்டு போனோமோ, அந்தக் குமிழியை டாங்கிக்குள்ளேயே விருந்துக்கு அழைத்ததாகிவிடும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. அந்த எண் பெரும்பாலும் அழுத்தமே இல்லாமல் திறந்த குழாயில் ஓடவிட்டு அளந்தது. மூன்று பார் எதிர்த்து நிற்கும்போது எவ்வளவு வரும், பதின்மூன்றரை வோல்ட்டில் எவ்வளவு வரும், முப்பது வருஷத்துப் பழைய வயரில் பதினொன்றாகச் சுருங்கி வரும்போது எவ்வளவு வரும் என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். பம்புக்குப் பாட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியே இழுப்பது, பெரிய பம்பு வாங்குவதைவிட மலிவு, பயனும் அதிகம்.

அம்பாஸடர் டாங்கிக்குள் தடுப்புச் சுவர்களை எதிர்பார்க்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. கால் டாங்கியில் வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்பின் வாய் காற்றைக் குடிக்கும். பழைய கார்புரேட்டர் தன் மிதவைக் கிண்ணத்திலிருந்த இருப்பைக் கொண்டு அதைச் சமாளித்தது, இன்ஜெக்டர் சமாளிக்காது. டாங்கியை வெட்ட மனமில்லாதவர்கள், குறைந்த அழுத்தப் பம்பு ஒன்றால் ஒரு லிட்டர் கொள்ளும் சிறு பாத்திரத்தை எப்போதும் நிரம்ப வைத்து, அதன் அடியிலிருந்து பெரிய பம்பு எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். செலவு இரட்டிப்புதான், ஆனாலும் பெட்ரோல் நாற்றம் போகாத பழைய டாங்கியின்மேல் வெல்டிங் விளக்கைக் காட்டுவதைக் காட்டிலும் நான் இதையே சிபாரிசு செய்வேன்.

டீசல் எஞ்சினை இறக்க விரும்புவோருக்கு ஒரே வார்த்தை. அங்கே ஃபீட் பம்பு வேறு, இன்ஜெக்ஷன் பம்பு வேறு. இரண்டாவதை நாம் தேர்ந்தெடுப்பதற்கில்லை, எஞ்சினோடு வந்ததையே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் டைமிங்கும் கவர்னரும் அந்த எஞ்சினுக்கென்றே அமைந்தவை. ரோட்டரி பம்பாயிருந்தால் டீசலே அதற்கு மசகெண்ணெய் என்பதால், மண்ணெண்ணெய் கலந்த டீசலை அது மன்னிக்காது.

பம்பே வேண்டாத ஒரு காலமும் நம் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரி வாயு யந்திரங்களைச் செய்து பஸ்களுக்குக் கொடுத்தது. அடுப்பில் கரியை அரைகுறையாக எரித்துக் கிடைத்த வாயுவை எஞ்சின் தன் மூச்சாலேயே இழுத்துக்கொண்டது. சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போயிற்று என்றாலும், ஆவிக் குமிழி என்ற தொல்லை மட்டும் அந்தப் பஸ்களுக்கு இல்லை.

பம்பை மாட்டிய பிறகு எஞ்சினை உடனே முடுக்காதீர்கள். ரெகுலேட்டருக்கு அப்பாலுள்ள ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஓர் அளவுப் பாத்திரத்தில் விட்டு, அழுத்தமானி மூன்று பார் காட்டும்போது பம்பை அரை நிமிஷம் ஓடவிடுங்கள். கால் லிட்டருக்குக் குறையாமல் சேர்ந்தால் மணிக்கு முப்பது லிட்டர் என்ற நம் கணக்கு சரியென்று கொள்ளலாம். இதைப் பட்டறைக்குள் செய்யாமல் வெட்டவெளியில், நண்பகலில், வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். காலைக் குளிர்ச்சியில் தேறிய பம்பு மாலையில் சாத்தூர் சாலையில் நின்றுபோனால் யாரிடமும் முறையிட முடியாது. எஞ்சின் எண் மாறியதற்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறவேண்டிய அனுமதியைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)