உயிர்காப்புக் கத்தி

உயிர்காப்புக் கத்தி என்பது காடு, மலை, பனிவெளி போன்ற இடங்களில் வழி தவறியோ விபத்தில் சிக்கியோ தனித்து நிற்கும் ஒருவர், மீட்புக் குழு வந்து சேரும் வரை உயிருடன் இருப்பதற்குத் தேவையான வேலைகளைச் செய்யப் பயன்படுத்தும் கத்தி ஆகும். விறகு பிளத்தல், தீ மூட்டுவதற்கான சிராய்களைச் சீவுதல், தங்குமிடம் அமைக்கக் கொம்புகளை வெட்டுதல், கயிறு அறுத்தல், உணவு ஆயத்தம் செய்தல் ஆகியன இதன் முதன்மைப் பணிகள். பொதுவாக இது மடக்க இயலாத, அலகும் கைப்பிடியும் அசையாது இணைந்த நிலையலகுக் கத்தியாக இருக்கும். கத்தியை வைக்கும் உறையும் அதன் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

வீட்டில் ஒரு கத்தி முறிந்தால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். காட்டில் அவ்வாறு இயலாது. ஆகவே இக்கத்தியைத் தெரிவு செய்யும்போது எது மிகக் கூர்மையானது என்பதைவிட, எது முறியாது, எது தொலையாது, எது வைத்திருப்பவரையே காயப்படுத்தாது என்னும் மூன்று கேள்விகளே முதன்மை பெறுகின்றன. முதற் கேள்விக்கு அலகும் எஃகும் விடை தருகின்றன. மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் உறையும் கைப்பிடியுமே விடை தருகின்றன.

வரலாறு

வட ஐரோப்பாவில் உழவர்களும் வேட்டைக்காரர்களும் இடுப்பில் தொங்கவிட்ட சிறு கத்திகள் இன்றைய உயிர்காப்புக் கத்தியின் முன்னோடிகளுள் அடங்கும். பின்லாந்தின் பூக்கோ இவற்றுள் புகழ்பெற்றது. இதன் அலகு பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. நீளம் உடையது. கைப்பிடி பெரும்பாலும் பூர்ச்ச மரத்தால் ஆனது. விரல் அலகின் மீது வழுக்காமல் தடுக்கும் கைக்காப்பு இதில் இல்லை. கைப்பிடியின் பெரும்பகுதியும் தோலுறைக்குள் இறங்கிவிடுவதால் கத்தி எளிதில் நழுவி விழாது. சுவீடனின் மோரா நகரப் பகுதியில் 1891 ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்டுவரும் மோரா கத்திகளும் இம்மரபைச் சேர்ந்தவை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், ஐக்கிய அமெரிக்க மரைன் படை கே-பார் என்னும் கத்தியை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 18 செ.மீ. நீள அலகும், தோல் வளையங்களை அடுக்கிச் செய்த கைப்பிடியும் உடைய இக்கத்தி, சண்டைக்கு மட்டுமன்றி முகாமின் அன்றாட வேலைகளுக்கும் பயன்பட்டது. பின்னர் அமெரிக்க விமானிகளுக்கு ஏறத்தாழ 13 செ.மீ. அலகு உடைய கத்தி வழங்கப்பட்டது. அதன் முதுகில் அமைந்த பற்கள், விழுந்த வானூர்தியின் மெல்லிய அலுமினியத் தகட்டை அறுத்து வெளியேறுவதற்கானவை. அதன் தோலுறையில் சாணைக்கல் வைக்கும் சிறு பையும் இருந்தது. சுவீடன் வான்படை விமானிகளுக்காக 1995 இல் ஏற்கப்பட்ட ஃபால்க்னீவன் எஃப்1 கத்தியின் அலகு 97 மி.மீ. நீளமும் 4.5 மி.மீ. தடிப்பும் மட்டுமே உடையது.

1982 இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்னும் திரைப்படத்துக்காக ஆர்க்கன்சா மாநிலக் கத்திக் கலைஞர் ஜிம்மி லைல் பெரிய கத்தியொன்றைச் செய்தளித்தார். முதுகில் பற்களும், தூண்டில், தீக்குச்சி போன்றவற்றை உள்ளே வைக்கத்தக்க குழல் கைப்பிடியும் கொண்ட அக்கத்தியைப் பின்பற்றி மலிவான போலிகள் பல சந்தைக்கு வந்தன. குழல் கைப்பிடியில் அலகின் உலோகம் கைப்பிடிக்குள் நீளுவதில்லை. ஆகவே மலிவான ஆக்கங்கள் அலகும் குழலும் சேரும் இடத்தில் எளிதில் முறிந்தன. உலோகத் தகட்டை அறுப்பதற்கென அமைந்த பற்கள் மரம் அறுக்க அவ்வளவாக உதவுவதும் இல்லை.

நிலையலகும் மடக்குக் கத்தியும்

மடக்குக் கத்தி சட்டைப்பையில் அடங்கும். ஆனால் அதன் கீலும் பூட்டும் அசையும் உறுப்புகள். மணலும் பனியும் அவற்றில் புகுந்து அடைத்துக்கொள்ளும். அலகின் மீது பக்கவாட்டில் விசை விழும்போது முழுச் சுமையும் ஒரு சிறு அச்சாணியின் மீது இறங்கும். பூட்டு விலகினால் அலகு விரல்களின் மீதே மடங்கும். நிலையலகுக் கத்தியில் இக்குறைகள் இல்லை.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கு ஒன்றில், பாறைக்கும் சுவருக்கும் இடையே கை சிக்கிய மலையேறி ஏரன் இரால்சுட்டனிடம் மலிவான பல்பயன் கருவி ஒன்றே இருந்தது. பாறையைக் கொத்த முயன்றதில் அதன் சிறு அலகு மழுங்கியது. ஐந்து நாட்களுக்குப் பின் தம் முன்கையைத் தாமே துண்டித்துக்கொண்டு அவர் உயிர் பிழைத்தார். கையில் இருக்கும் கருவியின் தரத்தைத் தீர்மானிக்கும் வாய்ப்பு வீட்டை விட்டுப் புறப்படும் முன்னரே உண்டு என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

அலகு

பொதுப் பயன்பாட்டுக்கு 10 முதல் 15 செ.மீ. வரை நீளமும் 3 முதல் 5 மி.மீ. வரை தடிப்பும் உடைய அலகு போதுமானது. இதைவிடக் குறுகிய அலகால் விறகு பிளப்பது கடினம். நீண்ட அலகு வெட்டுவதற்கு நன்று. ஆனால் சீவுதல், செதுக்குதல் போன்ற நுண்பணிகளில் அது கைக்கு அடங்காது.

அலகின் உலோகம் கைப்பிடிக்குள் தொடரும் பகுதி வால் எனப்படும். கத்தியின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது இதுவே.

- முழுவால்: கைப்பிடியின் அதே அகலத்திலும் நீளத்திலும் உலோகம் செல்கிறது. இரு பக்கமும் பிடித்துண்டுகள் தறையாணியால் இணைக்கப்படுகின்றன. வலிமை மிக்கது. எடை சற்று கூடுதல்.
- குச்சிவால்: உலோகம் குறுகிக் கைப்பிடியின் நடுவே ஊடுருவி, மறுமுனையில் பொருத்தப்படுகிறது. பூக்கோ, கே-பார் ஆகியவை இவ்வகையின. கைப்பிடி குளிர்காலத்தில் கையைச் சில்லிட வைக்காது.
- அரைவால்: உலோகம் கைப்பிடியின் பாதியளவு வரை மட்டும் செல்கிறது. சீவுதலுக்கும் சமையலுக்கும் போதுமானது. நெம்புவதற்கு ஏற்றதன்று.
- வாலற்றவை: குழல் கைப்பிடிக் கத்திகள்.

விறகு பிளக்கும்போது கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் வேறொரு கட்டையால் அடிப்பது வழக்கம். ஒவ்வோர் அடியும் அலகும் கைப்பிடியும் சேருமிடத்தை வளைக்க முயல்கிறது. வால் திடீரெனக் குறுகும் மூலைகள் கூர்மையாக இருந்தால் தகைவு அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். நல்ல கத்தியில் இம்மூலைகள் வளைவாக அமைக்கப்பட்டிருக்கும்.

கூர்விளிம்பை நோக்கி இருபக்கமும் சரியும் தளங்களின் வடிவமும் கருதத்தக்கது. ஒரே சாய்தளம் நேராக விளிம்பு வரை இறங்கும் வடிவம் சிகாண்டினேவிய வகை எனப்படும். இதன் மொத்தக் கோணம் ஏறத்தாழ 25 பாகை. சாய்தளம் முழுவதையும் சாணைக்கல்லில் படிய வைத்துத் தீட்டலாம் என்பதால் புதியவர்களும் எளிதில் கற்கலாம். புறங்குவிந்த சாய்தளம் கொண்ட விளிம்பு அடியைத் தாங்கும். ஆனால் அதைத் தீட்டப் பயிற்சி வேண்டும்.

முதுகு செங்கோண விளிம்புடன் இருப்பது நன்று. சீரிய உலோகக்கலவைத் தீக்கோலை அதனால் உரசித் தீப்பொறி உண்டாக்கலாம். அவ்வாறு செய்தால் கூர்விளிம்பு வீணாகாது.

எஃகு

கடினத்தன்மையும் உறுதியும் ஓரளவு ஒன்றையொன்று எதிர்ப்பவை. மிகக் கடினமான எஃகு நெடுநேரம் கூர்மை தாங்கும். ஆனால் அது எளிதில் சில்லுச் சில்லாக உடையும், தீட்டவும் கடினம். உயிர்காப்புக் கத்திகள் பெரும்பாலும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை பதப்படுத்தப்படுகின்றன.

- கார்பன் எஃகு: எடுத்துக்காட்டாக 1095 வகையில் ஏறத்தாழ 0.95% கார்பன் உண்டு. உறுதியானது, சாதாரணக் கல்லிலும் தீட்டத்தக்கது. ஈரத்தில் விரைவில் துருப்பிடிக்கும்.
- துருவேறா எஃகு: 10.5 விழுக்காட்டுக்குக் குறையாத குரோமியம் கொண்டது. 12சி27, விஜி-10 முதலியன இவ்வகையின. கடற்கரைக்கும் மழைக்காடுகளுக்கும் ஏற்றது. ‘துருவேறா’ என்னும் பெயர் இருப்பினும் உப்புநீரில் நெடுநேரம் கிடந்தால் இதிலும் கறையும் குழிகளும் தோன்றலாம்.

எஃகின் பெயர் மட்டும் தரத்தை உறுதி செய்யாது. ஒரே எஃகை இரு பட்டறைகள் வெவ்வேறு வகையில் சூடேற்றிக் குளிர்வித்தால் இரு வேறு கத்திகள் கிடைக்கும்.

கைப்பிடி

ஈரமான கையிலும், கையுறை அணிந்த கையிலும் வழுக்காத கைப்பிடியே வேண்டப்படுவது. முட்டை வடிவக் குறுக்குவெட்டு உடைய கைப்பிடியைப் பிடித்தவுடனேயே கூர்விளிம்பு எத்திசையில் உள்ளது என்பதைப் பார்க்காமல் உணரலாம். விரல்களுக்கெனத் தனித்தனிப் பள்ளங்கள் உள்ள கைப்பிடி ஒரு கையளவுக்கே பொருந்தும். பிடியை மாற்றும்போது அது உறுத்திக் கொப்புளம் உண்டாக்கும். குத்தும்போதோ அழுத்தும்போதோ விரல் முன்னோக்கி வழுக்காதிருக்கச் சிறு கைக்காப்பு பயன்படும்.

உறை

கத்தி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை உறைக்குள்ளேயே கழிக்கிறது. உறை சரியில்லையெனில், ஓடையைக் கடக்கும்போது கத்தி தொலைந்துபோகலாம். சறுக்கி விழும்போது அலகு உறையைத் துளைத்து உடலில் பாயலாம். ஆயினும் விற்பனையில் உறைக்கே மிகக் குறைந்த கவனம் தரப்படுகிறது.

தோலுறை ஓசையற்றது, கிழிந்தால் தைக்கத்தக்கது. தாவரப் பொருட்களால் பதனிட்ட தடித்த தோல் இதற்கு ஏற்றது. கூர்விளிம்பு படும் பக்கத்தில் இரு தோல்களுக்கும் இடையே தோற்பட்டை ஒன்று வைத்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையெனில் கத்தி நாளடைவில் தையல் நூலை அறுத்து வெளியே வரும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், கார்பன் எஃகுக் கத்தியை நெடுநாள் அதில் வைத்திருந்தால் துருப்பிடிக்கும்.

கைடெக்சு என்பது 1965 இல் அறிமுகமான, அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த நெகிழித் தகடு. சூடேற்றினால் இளகி, கத்தியின் மீது அழுத்தும்போது அதன் வடிவை அப்படியே ஏற்கிறது. ஆகவே கத்தி ‘டக்’ என்னும் ஓசையுடன் பூட்டிக்கொள்ளும். நீர் இதனைப் பாதிப்பதில்லை. உள்ளே மணல் சேர்ந்தால் அலகைக் கீறும். கடுங்குளிரில் பலத்த அடிபட்டால் வெடிக்கவும் கூடும்.

வார்ப்பு நெகிழி உறை மலிவானது, இலேசானது. மோரா கத்திகள் பலவும் இவ்வகை உறையுடன் வருகின்றன. நைலான் துணி உறையைக் கூர்முனை எளிதில் துளைக்கும். உள்ளே கடினமான நெகிழிச் செருகல் இருந்தால் மட்டுமே அதனை ஏற்கலாம்.

எவ்வகையாயினும் நல்ல உறையில் பின்வரும் பண்புகள் இருக்க வேண்டும்:

- பிடிவார் பூட்டப்படாத நிலையிலும், உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் கத்தி விழக்கூடாது. இச்சோதனையை மென்மையான தரைக்கு மேல், கால்களை விலக்கி நின்று செய்ய வேண்டும்.
- காயம்பட்ட நிலையிலும் ஒரு கையால் கத்தியை உருவவும் மீண்டும் இடவும் இயல வேண்டும்.
- அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும்.
- இடுப்புவாரில் உறுதியாக மாட்டத்தக்கதாகவும், முதுகுப்பையின் இடுப்புப்பட்டி உறுத்தாத உயரத்தில் தொங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.

உறை முதுகுப்பையில் அன்றி உடலிலேயே இணைந்திருப்பது விரும்பத்தக்கது. வெள்ளத்திலோ சரிவிலோ பையை இழந்தவரிடம் எஞ்சுவது உடலில் அணிந்திருந்தவை மட்டுமே.

சூழலுக்கேற்ற தெரிவு

வடபுலத்து ஊசியிலைக் காடுகளில் கோடரியோ கைவாளோ உடன் கொண்டுசெல்லப்படுவதால் சிறு கத்தியே போதும். அடர்ந்த வெப்பமண்டலக் காடுகளில் வழிசெய்து செல்ல மலாய் நாடுகளின் பாராங் போன்ற நீண்ட வெட்டுக்கத்தியே ஏற்றது. அங்கும் நுண்பணிக்கு ஒரு சிறு கத்தி தேவைப்படுகிறது. ஒரே கத்தி எல்லா வேலைக்கும் பொருந்தும் என எதிர்பார்ப்பது தவறு. குறைந்த பொருட்செலவில் நல்ல எஃகும் பிடிப்பான உறையும் கொண்ட எளிய கத்தியை வாங்கிப் பழகுவது, பற்களும் திசைகாட்டியும் பொருத்திய பெரிய மலிவுக் கத்தியைவிட மேலானது.

பயன்பாடும் பராமரிப்பும்

கத்தியை எப்போதும் உடலுக்கு வெளிப்புறமாக நகர்த்திச் சீவ வேண்டும். அமர்ந்தபடி இரு தொடைகளுக்கு நடுவே சீவுதல் மிகுந்த ஆபத்துடையது. தொடைத் தமனி வெட்டுண்டால் சில நிமிடங்களிலேயே குருதிப்போக்கால் உயிர் போகக்கூடும். தோலுறையிலிருந்து உருவும்போது விரல்கள் கூர்விளிம்பு உள்ள பக்கத்தைச் சுற்றியிருக்கக் கூடாது. மழுங்கிய கத்திக்கு மிகுந்த விசை தேவைப்படுவதால், அது வழுக்கும்போது உண்டாகும் காயமும் பெரிதாகும்.

பயன்படுத்தியபின் அலகைத் துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும். வீட்டில் சேமிக்கும்போது தோலுறையிலிருந்து எடுத்துத் தனியே வைப்பது நன்று.

சட்ட நிலை

நிலையலகுக் கத்தியைப் பொது இடத்தில் கொண்டுசெல்வது பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இந்திய ஆயுதச் சட்டம், 1959, மற்றும் ஆயுத விதிகள், 2016 ஆகியவற்றின்படி, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்கென அமையாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளுக்கு அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உரிமம் தேவை. காட்டுயிர் (பாதுகாப்புச்) சட்டம், 1972, காட்டுயிர்ப் புகலிடங்களுக்குள் முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதைத் தடை செய்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி தவிர்த்த பிற கத்திகளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றமாகும். சுவீடனிலும் இதையொத்த தடை உள்ளது. வானூர்திப் பயணத்தில் இக்கத்திகளைக் கைப்பையில் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை.

இவற்றையும் பார்க்க

- கத்தி
- அரிவாள்
- பாராங்
- துருவேறா எஃகு
- முதலுதவி