வாட்ச் 85 காட்டினா என்ன அர்த்தம்?

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி, மணி பன்னிரண்டு இருக்கும். ரூம்மேட் என்னை உலுக்கி எழுப்பினான். "மச்சான், ஆக்சிஜன் 85 காட்டுதுடா!" அவனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், குளிர்ல நடுங்கிட்டு இருந்தான். 94க்குக் கீழே போனா ஆஸ்பத்திரின்னு கொரோனா சமயத்துல வீட்டுக்கு வீடு மனப்பாடம் பண்ணினது எங்க ரெண்டு பேருக்குமே மறக்கலை. வார்டனை எழுப்பி, ஆட்டோ பிடிச்சு, பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் அக்கா அவன் விரல்ல ஒரு கிளிப்பை மாட்டினாங்க. 98.

"வந்ததுதான் வந்தீங்க, காய்ச்சலுக்காவது ரத்தம் கொடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னாங்க. அதுவும் நல்லதாப் போச்சு. ஆனா எனக்கு உறுத்தினது வேற. ஏன் 85? தப்பா காட்டறதுன்னா 60னு காட்டியிருக்கலாம், 110னு கூட காட்டியிருக்கலாம். இந்த 85க்கு ஒரு காரணம் இருக்கு, அது நம்ம சிலபஸுக்குள்ளேயே இருக்கு.

வாட்ச்சைக் கழட்டி அடிப்பக்கம் பாருங்க. பச்சையா மின்னுற எல்இடி இதயத்துடிப்புக்கு. ரத்தம் பச்சை ஒளியை நல்லா உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வர்ற ஒளி கொஞ்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை பக்கத்துல இருக்கிற ஃபோட்டோடையோடு பார்க்குது. மொத்த ஒளியில இந்த மாற்றம் நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், மணிக்கட்டுல அதைவிடவும் குறையலாம். மீதியெல்லாம் தோல், எலும்பு, சதைன்னு மாறாம நிக்கிற பகுதி.

ஆக்சிஜனுக்குப் பச்சை போதாது. சிவப்பு, அகச்சிவப்புன்னு ரெண்டு ஒளி வேணும். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் சிவப்பை விட்டுட்டு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது நேர்மாறு. இதை வச்சு அளக்கிற வழியை 1974ல் கண்டுபிடிச்சவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்துல இருந்த தகுவோ அயோயாகிங்கிற இன்ஜினியர். சுவாரசியம் என்னன்னா, அவர் முதல்ல அளக்கப் போனது ஆக்சிஜனையே இல்லை. ரத்தத்துல சாயம் கலந்து, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு காது வழியா ஒளி பாய்ச்சிப் பார்த்துட்டு இருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து சிக்னலைக் கெடுத்துச்சு. அந்த இரைச்சலை ஒழிக்கப் போனவர், அந்த இரைச்சலுக்குள்ளதான் ஆக்சிஜன் கணக்கு இருக்குன்னு பிடிச்சுட்டார்.

கணக்கு இதுதான். சிவப்புல துடிக்கிற பகுதியை நிலையான பகுதியால வகுங்க. அகச்சிவப்புலயும் அப்படியே. முதல் விடையை ரெண்டாவதால வகுத்தா வர்றது ஆர். பாடப்புத்தகச் சூத்திரம்: ஆக்சிஜன் சதவீதம் சுமார் 110 − 25 ஆர். ஆர் 0.5னா 97.5. நல்ல ஆரோக்கியம். (கம்பெனிகள் தன்னார்வலர்களை வச்சு ஆக்சிஜனைக் குறைச்சுக் குறைச்சு அளந்து தங்களோட சொந்த அட்டவணை போட்டுக்கறாங்க. ஆனா போக்கு இதேதான்.)

இப்போ கை நடுங்குதுன்னு வைங்க. நடுக்கத்துக்கு நிறம் தெரியாது. சிவப்பு, அகச்சிவப்பு ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்துல ஆட்டும். அந்த ஆட்டம் நிஜமான நாடியை முழுங்கிட்டா ஆர் ஒண்ணை நோக்கிப் போகும். 110 − 25 = 85. குளிர்ல நடுங்கினவன் கையில, தளர்வான ஸ்ட்ராப்புல, வாட்ச் சொன்னது இதைத்தான்: "எனக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியுது." அதையே சதவீதமா எழுதிக் காட்டிடுச்சு.

இதனால எல்லா 85ம் பொய்னு எடுத்துக்காதீங்க. நிஜமாவே 85க்கு இறங்கின நோயாளிகள் உண்டு. உட்காருங்க, கையைத் தேய்ச்சு சூடாக்குங்க, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே வாட்ச்சை ஏத்தி இறுக்கிக் கட்டுங்க, கையை மேஜைல வச்சு ஒரு நிமிஷம் அசையாம இருந்து திரும்ப எடுங்க. அதுக்கப்புறமும் குறைவா இருந்தா விரல் கிளிப்ல பாருங்க. ஆனா மூச்சு வாங்கறதோ, உதடு நீலம் பாயறதோ, பேச்சு குழறறதோ தெரிஞ்சா இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம், நேரா 108.

இதைவிட எனக்குப் பயம், எதிர்ப்பக்கத் தப்பு மேல. மூச்சு வாங்குது, ஆனா வாட்ச் 98 காட்டுதுன்னு படுத்துடறது. வாட்ச்சைத் தண்ணி பாட்டில்லயோ வாழைப்பழத்துலயோ கட்டி நாடி வருதான்னு பார்க்கிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. சில சமயம் வரும். ஏன்னா நிமிஷத்துக்கு 40 முதல் 200 வரைக்குள்ள பெரிய சிகரம் எதுன்னு எஃப்எஃப்டி கிட்ட கேட்டா, வெறும் இரைச்சல்லயும் ஏதோ ஒண்ணு பெருசா இருக்கத்தான் செய்யும். "இங்க நாடியே இல்லை"ன்னு சொல்ல தனியா நிரல் எழுதணும். நல்ல வாட்ச்சுக்கும் மோசமான வாட்ச்சுக்கும் பாதி வித்தியாசம் அங்கேதான். ரொம்ப மலிவான சிலதுல சிவப்பு எல்இடியே இருக்காது, ஆக்சிஜன் எண் மட்டும் வரும். அது எங்கிருந்து வருதுன்னு நீங்களே யோசிங்க.

நிறமும் ஒரு விஷயம். 2020 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த அமெரிக்க ஆய்வு, விரல் கிளிப் 92 முதல் 96 வரை காட்டின நேரங்களை எடுத்து, ரத்தப் பரிசோதனையோட ஒப்பிட்டுச்சு. நிஜ அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்ல 11.7 சதவீதம். ஆஸ்பத்திரிக் கருவியோட கதையே இது. கருத்த தோல் இருக்கிற நம்ம மணிக்கட்டுல, 93, 94னு வர்ற எண்ணை வச்சு நிம்மதியாகிட வேண்டாம். மெஷின் இல்லாமலே ஒரு சோதனை உண்டு: மார்பு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. சும்மா இருக்கும்போது 12லிருந்து 20 வரை இருக்கணும். 24ஐத் தாண்டினா வாட்ச் என்ன சொன்னாலும் டாக்டர்தான்.

அப்போ வாட்ச் எதுக்குத்தான் உதவும்? காலைல எழுந்ததும் படுத்தபடியே வர்ற இதயத்துடிப்பைக் குறிச்சுட்டு வாங்க. உங்களுக்கு வழக்கமா 65னா, ஒருநாள் திடீர்னு 80 வந்தா உடம்பு ஏதோ சொல்லுது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா துடிப்பும் சுமார் பத்து ஏறும். ஓடும்போது வர்ற எண்ணை மட்டும் சந்தேகத்தோட பாருங்க. ஓட்டத்துல காலடி நிமிஷத்துக்கு 160, 170 விழும். சில நேரம் வாட்ச் இதயத்தை விட்டுட்டு காலடியை எண்ண ஆரம்பிச்சிடும்.

இதை நேர்ல பார்க்கணும்னா மேக்ஸ்30102 சென்சார் ஒண்ணு வாங்கி ஆர்டுயினோல மாட்டுங்க, மினி ப்ராஜெக்டுக்கும் ஆச்சு. ரெண்டு ஒளியோட கச்சா அளவும் அப்படியே கிடைக்கும், ஆர்-ஐ நீங்களே கணக்கு போடலாம். முதல்ல விரலை அசையாம வைங்க. அப்புறம் லேசா நடுங்கவிட்டு, ஆர் எங்கே போய் நிக்குதுன்னு பாருங்க.