தாளம் தவறாத மெஷினும் தாளத்தோடு விளையாடும் கையும்

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். மாலைப் பூசைக்கு ஸ்விட்சைத் தட்டினால் மேளம் முழங்கும். மோட்டார் சுற்ற, குச்சிகள் தோலை அடிக்கும். மணியும் தாளமும் கூடவே குலுங்கும். குருக்கள் அடுக்கு தீபத்தை எடுத்தாலும் கற்பூரத்தை ஏற்றினாலும் ஒரே வேகம்தான். தவில்காரர் இருந்தால் திரை விலகியதுமே அவர் கை தானாக வேகமெடுக்கும். சுவாமி முகத்தருகே கற்பூரம் போகும்போது உச்சத்துக்குப் போய்விடுவார். வாசிப்பது கை என்றாலும் கண் தீபத்தைவிட்டு நகராது.

மின்னணு இசை என்றதும் பலர் மனதில் வருவது இந்த மெஷின்தான். கம்ப்யூட்டர் வந்தது, பாட்டில் உயிர் போயிற்று என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோயில் மெஷினோடு விளையாட ஆள் இல்லை, குறை அவ்வளவுதான்.

தாளத்தைக் கம்ப்யூட்டர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால் இது புரியும். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைப்பதுபோல் ஒவ்வொரு அடியையும் அது குறித்துக்கொள்கிறது. முன்னே பின்னே விழுந்த அடிகளைப் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்து நேராக்குகிறது. இதற்குக் ‘குவான்டைஸ்’ என்று பெயர். எல்லா அடியும் கோட்டின் மேலேயே விழுந்தால் காது சலித்துவிடும். 1980-ல் அமெரிக்காவின் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினில் இந்த நேராக்கும் வசதி இருந்தது. அதற்கு மாற்று மருந்தும் இருந்தது. அதுதான் ‘ஸ்விங்’. ஒன்றுவிட்டு ஒன்றாக அடிகளை ஒரு துளி தாமதமாக விழச்செய்வது. தள்ளத் தள்ள, சதுஸ்ரம் திஸ்ர நடையின் பக்கம் சாயும். தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சாய்வு பழக்கமானது.

அதே ஆண்டு ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 மெஷினை வெளியிட்டது. அதன் நிறுவனர் இகுதாரோ ககெஹாஷி, பழுது என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கி உள்ளே வைத்தார். அந்தப் பழுதுதான் 808-க்கு அதன் ‘ஸ்ஸ்’ என்ற சீறலைக் கொடுத்தது. தொழில்நுட்பம் தேறிப் பழுதான டிரான்சிஸ்டர் கிடைக்காமல் போனதும், 1983-ல் தயாரிப்பே நின்றது. சுமார் 12,000 மெஷின்களோடு சரி.

அவற்றில் ஒன்று மும்பைக்கு வந்தது. இந்தி சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 808-ஐயும் டிபி-303 என்ற சின்ன பேஸ் கருவியையும் ஜூபிடர்-8 சின்தசைசரையும் வைத்துக்கொண்டு 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். யமன், பூபாளி, மால்கௌன்ஸ். நம் கர்நாடக இசைக் கணக்கில் கல்யாணி, மோகனம், இந்தோளம். 303 செய்யப்பட்டது, பேஸ் வாசிக்கத் துணை இல்லாத இசைக்கலைஞர்களுக்காக. விற்காமல் படுத்துவிட்ட சரக்கு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது அதன் குணம். கமகம் பழகிய கைக்கு வேறென்ன வேண்டும்? 1987-ல் சிகாகோ இளைஞர்கள் அதே 303-இன் குமிழ்களைத் திருகித் திருகி ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசையை உண்டாக்கினார்கள். ஐந்து ஆண்டு முன்பே அதைப் போன்ற ஒலியை எழுப்பிய மும்பைக்காரரின் இசைத்தட்டு அன்று விலைபோகவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகே உலகம் காது கொடுத்தது. அவர் 2015-ல் காலமானார்.

மெஷினோடு விளையாடிய இன்னொருவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் திரும்பிய பாடகி மாயா அருள்பிரகாசம். முறையாக இசை படித்தவர் அல்ல. ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியைத் தட்டித் தட்டிப் பாட்டுக் கட்டினார். ‘கலாங்’ பாட்டுக்கு 2003-ல் அடித்தது 500 இசைத்தட்டு. இணையத்தில் கைமாறிக் கைமாறியே அது ஊர் ஊராகப் போனது. 2007-ல் வந்த ‘காலா’ தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை வாசிக்கவைத்தார். அதில் ஒரு பாட்டில் உறுமியோடு கோழி கொக்கரிக்கும், பிள்ளைகள் கூவுவார்கள். தெருவே கருவிக்குள் வந்துவிட்டது.

பிரெஞ்சில் விளையாடுவதற்கும் வாசிப்பதற்கும் ‘ழுவே’ என்ற ஒரே சொல். நாமோ வீணையை மீட்டுகிறோம், குழலை ஊதுகிறோம், பறையை முழக்குகிறோம். மெஷினுக்கு மட்டும் ‘புரோகிராம் போடுகிறோம்’. அந்தச் சொல்லில் ஆளே தெரிவதில்லை.

ஆளைப் பார்க்கக் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும். லைட் மியூசிக் மேடையின் ஓரத்தில், எட்டு ரப்பர் சதுரங்கள் கொண்ட பேடின் முன் ஒருவர் நிற்பார். ஒரு சதுரத்தில் தவில், ஒன்றில் உறுமி, ஒன்றில் கைத்தட்டல். மேடைக்குக் கீழே ஒரு பொடியன் ஆட ஆரம்பித்தால் அவர் கண் அவன் காலுக்குப் போகும். அவன் கால் தூக்கி நிற்கையில் அடியை அரை நொடி நிறுத்திவைப்பார். கால் தரையில் படும்போது ‘டம்’ என்று விழும். பையன் சிரித்துவிடுவான், கூட்டமும் சிரிக்கும். தீபத்தைப் பார்த்து வாசித்த தவில்காரரின் கண்தான் இவருக்கும்.

பாடகர்கள் பெயரை மேடையில் சொல்கிறார்கள். அடுத்த கல்யாணத்தில் பேட் வாசித்தவர் பெயரையும் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.