கன்சோல் ரேடியோவின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

தரையில் நிற்கும் இந்த மரப்பெட்டி ரேடியோக்கள் 1930-களில் அமெரிக்க வீட்டுக் கூடங்களை நிறைத்தவை. பழைய சாமான் விற்பனையில் ஒன்று தென்பட்டால், விற்பவர் சொல்லும் வருடத்தை நம்பிவிடாமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். உட்சுவரில் ஒட்டிய தாளில் மாடல் எண் இருக்கலாம், எலி மிச்சம் வைத்திருந்தால். உள்ளே உலோகச் சட்டத்தில் உள்ள எண் பெரும்பாலும் வேறு. ஜெனித் 1938-இல் விற்ற ‘12-எஸ்’ வரிசையில் முதல் எண் வால்வுகளின் எண்ணிக்கை.

டயல் இன்னும் அதிகம் பேசும். பச்சையாக ஒளிரும் ‘மேஜிக் ஐ’ வால்வு 1935-இல்தான் வந்தது. எஃப்.எம். அளவு 42–50 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது போருக்கு முந்திய வடிவமைப்பு. 88–108 என்றால் போருக்குப் பிந்தியது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு வீட்டு ரேடியோ உற்பத்தியையே நிறுத்தியது. ஆகவே ‘1944 மாடல்’ என்ற விலைச்சீட்டைப் பார்த்தால் தாராளமாகச் சிரிக்கலாம். 640, 1240 எண்களின் அருகே சிறு முக்கோணம் இருந்தால் அது பனிப்போர்க்கால அவசர ஒலிபரப்புக்கான குறி: 1953-க்குப் பிந்தியது.

சிலவற்றின் உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டு மது அலமாரியாக்கியிருப்பார்கள். உள்ளே எல்லாம் இருந்தாலும், கடையிலேயே பிளக்கைச் சொருகிப் பார்க்காதீர்கள்; பழைய காகிதக் கண்டென்சர்கள் கசிந்து டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும்.