பேரில்லாத நாயனத்துக்கு யார் பேரில் விலை?

கீரமங்கலம் வட்டாரத்தில் திருவிழா, கல்யாணம் என்று வாசித்துப் பிழைக்கும் ஒருவர் பழைய நாயனம் வாங்கப் போனால், “நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி கை வேலை” என்று சொல்லி விலையை ஏற்றுவது எளிது. குழல் பகுதியான உலவில் முத்திரையோ எழுத்தோ இல்லாதது குறையல்ல. ஆனால் அந்தப் பேருக்காகக் கூடுதல் பணம் கேட்பவர் அதை ரசீதில் எழுதித் தர மறுத்தால், கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

கருவியே கொஞ்சம் சாட்சி சொல்லும். 1956இல் மறைந்த நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுத்த மத்திமம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தவர் ரங்கநாதன் ஆச்சாரி. அந்த அமைப்புள்ள கருவியை ‘நூற்றைம்பது வருஷத்துச் சரக்கு’ என்றால் கணக்கு இடிக்கும். ஆச்சா மரத்தின் கருமையைக் காட்டி வயது சொன்னாலும் நம்ப வேண்டாம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற கட்டையை வாங்கித்தான் நரசிங்கம்பேட்டையில் கடைகிறார்கள். போன மாதம் கடைந்த நாயனத்திலும் மரம் தாத்தா காலத்ததாக இருக்கும். அடியில் விரிந்திருக்கும் அனசு கழலக்கூடியது, மாற்றியிருக்கலாம். விரல் படும் ஏழு துளைகளின் விளிம்பு மழுங்குவது இயல்பு. மெழுகு வைத்துச் சுருதி திருத்தும் கீழ்த் துளைகளும் அதே அளவு மழுங்கியிருந்தால், அரம் பட்டிருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். ‘கைதேர்ந்த ஆசாரி பார்த்ததுமே சொல்லிவிடுவாரே’ என்பார்கள். ஊரையும் பாணியையும் அவர் சொல்லக்கூடும். ஒரே பட்டறையில் அப்பன் கடைந்தது எது, மகன் கடைந்தது எது என்று பிரிப்பது வேறு சங்கதி. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் ஊருக்கு உரியதே, தனி ஆளுக்கு அல்ல.

ஏமாந்தால், வாசித்துச் சம்பாதிப்பவர் ‘நுகர்வோர்’ ஆவாரா என்ற கேள்வி எழும். ஆவார், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தஞ்சாவூர்க் கடையில் வாங்கியிருந்தாலும், கீரமங்கலத்துக்காரர் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. வியாபாரியிடம் அல்லாமல் ஒரு வீட்டாரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி அடைபடும். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே எழுத்து இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம். ‘கோயில் வாசலில் பேசி முடித்ததற்குப் பத்திரமா?’ என்று சங்கடப்படுபவர்கள் பணத்தை வங்கி வழியாக அனுப்பி, விற்பவர் சொன்ன பேரையும் வயதையும் வாட்ஸ்அப்பில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று: ஊதும் சீவாளியோடு தொங்குவது தந்த ஊசி என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுங்கள். தந்தம் எவ்வளவு பழசானாலும் அதை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.