மருத்துவக் காரணத்தால் இழந்த ஓட்டுநர் உரிமத்தை மீண்டும் பெறுதல்

வலிப்பு, கட்டுக்குள் வராத நீரிழிவு, பார்வைக் குறைவு, மதுப் பழக்கம் ஆகியவற்றால் ஓட்டுநர் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கும் ரத்து செய்யப்பட்டவர்களுக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் உரிய விளக்கம் இது. சாலவாக்கத்தைச் சுற்றியுள்ள கல் குவாரிகளில் டிப்பர் லாரி ஓட்டும் ஒருவருக்கு உரிமம் போனால் அன்றாட வருமானமே போய்விடுகிறது. அந்த அச்சத்தில் பலர் தமக்கு வந்த வலிப்பை மருத்துவரிடமே மறைத்து விடுகின்றனர். மறைப்பதால் உரிமம் காக்கப்படுவதில்லை, சிகிச்சைதான் தாமதமாகிறது.

ஆணையை முதலில் படியுங்கள்

உங்களுக்கு வந்த ஆணை எந்தப் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தண்டனை சார்ந்தது. மது அருந்தி ஓட்டுதல் போன்ற குற்றத்துக்காகக் காவல்துறை உங்கள் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்பியிருந்தால், முதல் முறை மூன்று மாதத் தகுதியிழப்பு விதிக்கப்படலாம். மீண்டும் நிகழ்ந்தால் உரிமமே ரத்தாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூன்று மாதம் கழிந்துவிட்டது என்பதால் மட்டும் உரிமம் திரும்பக் கிடைக்காது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்.

16ஆம் பிரிவு நோய் அல்லது உடற்குறை சார்ந்தது. இதில் கால வரம்பு இல்லை. ஓட்டுவதற்கு நீங்கள் தகுதியுடையவர் என்பதற்கான மருத்துவச் சான்றே இங்குத் தேவை. சில வேளைகளில் அலுவலர் உடனே ரத்து செய்யாமல், உரிமம் தொடர்வதற்கு மருத்துவச் சான்றிதழை அளிக்குமாறு கேட்பார். அக்கடிதம் வந்தால் அலட்சியப்படுத்த வேண்டாம். சான்று அளிப்பதே எளிய வழி.

ரத்து ஆணையில் காரணம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அது உங்களிடம் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாள் தவறாதிருக்க, ஆணை வந்த தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.

வலிப்பு வந்தவர்களுக்கு

கீழே விழுந்தவர் அனைவரும் வலிப்பு நோயாளர் அல்லர். வெயிலில் மயங்கி விழுவது வேறு. கடுங்காய்ச்சல், ரத்தத்தில் சோடியம் குறைதல், தலைக்காயம் போன்ற தற்காலிகக் காரணத்தால் ஒரே ஒருமுறை வரும் வலிப்பும், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு நோயும் ஒன்றல்ல. எனவே மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பில் காரணம் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பின்னாளில் மிகவும் பயன்படும் தாள் அதுவே. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் காட்டி, தேவையெனில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம்.

எத்தனை மாதம் வலிப்பின்றி இருந்தால் ஓட்டலாம் என்று நம் சட்டம் எண் எதையும் கூறவில்லை. விண்ணப்பத்துடன் அளிக்கும் உடல்தகுதி அறிவிப்பில் வலிப்பு, திடீர் நினைவிழப்பு, தலைசுற்றல் உண்டா என்ற வினா உள்ளது. அதற்கு உண்மையாகவே விடையளிக்க வேண்டும். மருத்துவ உலகம் இதை எவ்வாறு அணுகுகிறது என்பதற்குப் பிரிட்டன் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு வலிப்பு நோயுள்ளவர் கார் ஓட்ட, பொதுவாக 12 மாதம் வலிப்பின்றி இருக்க வேண்டும். லாரி, பேருந்துக்கோ வலிப்பும் இன்றி, வலிப்பு மருந்தும் இன்றி 10 ஆண்டுகள். இருசக்கர வாகனத்துக்கான அனுமதியும் கனரக வாகனத்துக்கான அனுமதியும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். வலிப்பு நோய் உறுதியான லாரி ஓட்டுநர் வேறு பணியைப் பற்றி உரிமையாளரிடம் இப்போதே பேசத் தொடங்குவது நல்லது. கேட்கக் கசப்பாயினும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். ‘மருந்து சாப்பிட்டால் நோயாளி என்று எழுதிவிடுவார்கள்’ என்று நிறுத்தியவர்களுக்குத்தான் வலிப்பு திரும்ப வருகிறது. தொடர்ந்து மருந்து வாங்கிய பதிவே உங்களுக்குச் சாதகமான சான்று. இரவு முழுதும் கண்விழிப்பது வலிப்பைத் தூண்டும். இரவு நடைகளைத் தவிருங்கள். மருத்துவர் மருந்தளவைக் குறைக்கும் காலத்தில் வாகனம் ஓட்ட வேண்டாம்.

பராமரிப்பவர்கள் வலிப்பு வந்த தேதி, நேரம், நீடித்த நிமிடங்கள், முந்தைய இரவுத் தூக்கம், தவறிய மாத்திரை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்கவும். இயன்றால் கைப்பேசியில் படம் பிடிக்கவும். பத்து நிமிட விசாரிப்பைவிட அந்த அரை நிமிடக் காட்சி மருத்துவருக்கு அதிகம் உணர்த்தும். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

மதுவும் வலிப்பும்

உரிமம் பறிபோன அதிர்ச்சியில், நாள்தோறும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் குடியை நிறுத்துவதுண்டு. நோக்கம் நல்லதே. ஆனால் நிறுத்திய இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்துப் பிதற்றலும் வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தெரிந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு.

நீரிழிவும் பார்வையும்

இன்சுலின், கிளிமெபிரைடு போன்ற மருந்துகளால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால் ஓட்டாதீர்கள். ஓட்டும்போது படபடப்போ வியர்வையோ தோன்றினால் வண்டியை ஓரங்கட்டிச் சர்க்கரை உண்ணுங்கள். அளவு சீரான பின்னும் 45 நிமிடம் காத்திருங்கள். கண்புரையால் பார்வை குறைந்தவர்களுக்கு வழி எளிது: அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை செய்து, பார்வை நிலைபெற்றபின் புதிதாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மீண்டும் விண்ணப்பிக்கும்போது

ரத்தான உரிமத்துக்கு மேல்முறையீடு வெற்றி பெறாவிடில், உடல் தேறியபின் பழகுநர் உரிமத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். படிவம் 1-ஏ மருத்துவச் சான்றிதழ், மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பு, மருந்துச் சீட்டுகள், ரத்து ஆணையின் நகல் ஆகியவற்றுடன் காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்கள். உங்கள் நோயை அறியாத ஒருவரிடம் அவசரமாகச் சான்று வாங்குவதைவிட, உங்களுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கடிதத்தையும் இணைப்பது வலுவானது.

தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்தே திரும்பக் கோரக்கூடும். அதுவரை வீட்டில் வேறொருவர் ஓட்டட்டும், அல்லது பேருந்தில் செல்லுங்கள். மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.