விதையை விட்டுக் கீரைக்கு: மீட்கப்பட்ட கிளிக்கு நல்ல உணவைப் பழக்குவது எப்படி?

கூண்டிலிருந்து மீட்கப்படும் கிளிகள் பெரும்பாலும் பழகிய ஒன்றிரண்டு தீனியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. சூரியகாந்தி விதை, நெல், வேர்க்கடலை, சோறு, டீயில் நனைத்த பிஸ்கட் என்று ஆண்டுக்கணக்கில் தின்று வளர்ந்த பறவையின் முன்னால் கேரட்டையோ முருங்கைக்கீரையையோ வைத்தால் அது பின்வாங்கும். சில கிளிகள் கிண்ணத்தையே கவிழ்த்துவிடும். பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரியும். ஆனால் அந்தப் பறவைக்குக் கீரை என்பது உணவு என்றே தெரியாது. காட்டில் ஒரு கிளிக்குஞ்சு எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதைத் தாய் தந்தையையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. கூண்டுக்கிளிக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. விட்டுப்போன பாடத்தைப் பொறுமையாக நடத்துவதுதான் உணவு மாற்றம். பட்டினி போட்டால் வழிக்கு வந்துவிடும் என்ற எண்ணம் பறவையின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மட்டாஞ்சேரிச் சூழல்

தானியத்திலேயே கிளியை வளர்க்கும் பழக்கத்துக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே தானியத்துக்குப் பஞ்சமில்லை. பஜாரில் அரிசியும் மிளகும் சுக்கும் மிளகாயும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. குஜராத்திகள் வாழும் பகுதியிலுள்ள ஜைனக் கோயிலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பது அன்றாட வழக்கம். பறவைக்குத் தீனி போடுவதைப் புண்ணியமாகக் கருதும் ஊரில், கிளிக்கும் ஒரு பிடி தானியம் போதும் என்று நினைப்பது இயல்பு. பறந்து திரியும் பறவை பல இடங்களில் பலவற்றைத் தின்று தன் உணவைச் சமன் செய்துகொள்ளும். கூண்டுக்கிளிக்குக் கொடுத்ததைத் தவிர வேறு வழியில்லை என்பதால் தானியம் மட்டும் அதற்குப் போதாது.

மீட்கப்படும் கிளிகள் இரு வகை. ஒன்று, நம் நாட்டுப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலச்சிறகுக் கிளி போன்றவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். கிளி ஜோசியத்துக்கும் இது பொருந்தும். 2024 ஏப்ரலில் கடலூர் அருகே ஜோசியர் ஒருவரிடம் இருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றினர். சீட்டெடுக்கும் கிளிக்கு ஒவ்வொரு முறையும் கூலியாகக் கிடைப்பது ஒரு நெல்மணி. இரண்டாவது வகை, சாம்பல் கிளி, காக்கட்டீல், லவ் பேர்ட்ஸ் போன்ற அயல்நாட்டுப் பறவைகள். வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டோ, வழிதவறிப் பறந்து வந்தோ இவை மீட்பவரிடம் சேர்கின்றன. நாட்டுக்கிளி கையில் கிடைத்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும்; அயல்நாட்டுக் கிளியை, பதிவு தேவைப்படும் இனமானால் பதிவு செய்து, வளர்க்கலாம். உணவு பழக்கும் முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

விதை மட்டும் தின்றால் என்ன ஆகும்?

சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதிலுள்ள பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பல மடங்கு. பறவையின் உடலுக்கோ கால்சியம்தான் கூடுதலாக வேண்டும். வைட்டமின் ஏ இந்த விதைகளில் இல்லை என்றே சொல்லிவிடலாம். சிறகசைக்க இடமில்லாத கூண்டில் கொழுப்பு ஈரலில் படிகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சவ்வு தடித்து, அடிக்கடி சளியும் தொற்றும் வரும். வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் தோன்றும். கால்சியம் குறைந்தால் பெண் பறவைக்கு முட்டை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும். சாம்பல் கிளிகளுக்கு வலிப்பும் வரலாம். மங்கிய சிறகு, அளவுக்கு மீறி வளர்ந்த அலகு, சிறு அசைவுக்கே மூச்சிரைப்பு ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள்.

முதலில் மருத்துவர், அடுத்து தராசு

பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே உணவு மாற்றத்தைத் தொடங்க வேண்டும். நோயுற்ற, மெலிந்த பறவைக்கு முதல் தேவை பழகிய தீனியும் ஓய்வும்தான். ஈரல் பழுதுபட்ட கிளிக்குத் திடீரெனத் தீனி குறைந்தால் நிலைமை மோசமாகும்.

கிராம் கணக்கில் எடை காட்டும் சமையலறைத் தராசு அவசியம். தினமும் காலையில், எச்சமிட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் உணவில் எந்த மாற்றமும் செய்யாமல் எடையை மட்டும் குறித்தால், அந்தப் பறவையின் வழக்கமான எடை எது என்பது தெரியும். 120 கிராம் பச்சைக்கிளி 6 கிராம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழைய உணவைக் கூட்ட வேண்டும். 12 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கிண்ணம் நிறைந்திருப்பதை நம்பவே கூடாது. கிளி பருப்பைத் தின்று உமியைத் திரும்பக் கிண்ணத்திலேயே போடும். பார்வைக்கு விதை மிச்சமிருப்பது போலத் தோன்றும். எச்சம் இன்னொரு சாட்சி. அது அளவில் சுருங்கிக் கரும்பச்சையானால் பறவை போதிய அளவு தின்னவில்லை என்று பொருள்.

பழக்கும் வழிகள்

நாள் முழுவதும் விதை நிறைந்த கிண்ணம் இருக்கும் வரை கிளி புதிய உணவைத் திரும்பிப் பார்க்காது. காட்டுக்கிளிகள் காலையிலும் பிற்பகல் சாயும் வேளையிலும்தான் மும்முரமாக இரை தேடுகின்றன. அந்த ஒழுங்கையே கூண்டிலும் பின்பற்றலாம். விடிந்ததும் பசி இருக்கும்போது புதிய உணவை வைத்து, ஓரிரு மணி நேரம் கழித்து அளந்த விதையைக் கொடுக்க வேண்டும். மாலையில் மீண்டும் ஒரு வேளை. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். விதையின் அளவைச் சிறிது சிறிதாக, நான்கு முதல் எட்டு வாரங்களில் குறைக்கலாம். சில கிளிகளுக்குப் பல மாதங்கள் ஆகும்.

கிளியின் வாயில் உள்ள சுவை மொட்டுகள் சுமார் 350 மட்டுமே. மனிதருக்குப் பல ஆயிரம். எனவே உணவின் நிறம், வடிவம், நாக்கில் படும் தன்மை ஆகியவற்றுக்கு அது பெரிதும் கவனம் கொடுக்கிறது. துருவிய கேரட்டை ஒதுக்கும் கிளி, நீள்குச்சியாக நறுக்கியதைக் காலால் பிடித்துக் கொறிக்கும். அரிந்த கீரையைச் சீண்டாத கிளி, ஈரத்தோடு கட்டித் தொங்கவிட்ட கீரைக் கொத்தைப் பிய்த்து விளையாடும். விளையாட்டாக வாயில் பட்டது மெல்ல உணவாகும். ஒரே காயைப் பலமுறை, பல வடிவில் வைத்துப் பார்க்காமல் அது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

பழகிய தீனிக்கும் புதியதற்கும் பாலமாக முளைகட்டிய தினையும் சிறுபயறும் உதவும். விதையின் தோற்றம் மாறாமல் ஈரமும் மென்மையும் அதில் சேர்ந்திருக்கும். வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கில் விதைகளைப் பதித்துக் கொடுத்தால், விதையை எடுக்கும் அலகில் கிழங்கும் ஒட்டும். மிகவும் பயனுள்ள வழி, கூட்டமாக உண்பது: பராமரிப்பவர் அதே காயைக் கிளியின் எதிரில் ரசித்துத் தின்பது, அல்லது நன்றாகத் தின்னும் இன்னொரு கிளியைப் பக்கத்துக் கூண்டில் வைப்பது. புதிதாக வந்த பறவையைத் தனியே வைத்து, நோயில்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்யலாம்.

பஜாரிலேயே கிடைக்கும் நல்ல உணவு

முதல் அடி எடுத்து வைக்க மட்டாஞ்சேரியில் எளிதாகக் கிடைக்கும் ஒன்று மிளகாய். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை. பாலூட்டிகளுக்கு எரிச்சலூட்டும் காப்சைசின், பறவையின் நரம்பைத் தூண்டாது. காயையும் கீரையையும் ஒதுக்கும் கிளிகள்கூட மிளகாயை ஆசையாகக் கொத்துவதுண்டு. பழுத்த சிவப்பு மிளகாயில் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்து நிறைய இருக்கிறது. அதை நறுக்கிக் கேரட்டோடும் பரங்கிக்காயோடும் கலந்து வைக்கலாம். உப்பில் ஊறிய மோர்மிளகாய் கூடாது.

பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளி, பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவை வைட்டமின் ஏ குறையைப் போக்கும். கேரளத்தில் விரும்பி உண்ணும் சிவப்புத் தண்டுக்கீரையும் நல்லதே. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றித் தர வேண்டும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு உதவும். மீன் இறங்கும் கொச்சியில் இது அரிதல்ல. உப்புப் போகக் கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டலாம். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். சன்னல் கண்ணாடி அதற்கான கதிர்களைத் தடுத்துவிடும்; எனவே நிழலும் ஒருபுறம் இருக்குமாறு காலை வெயில் படும் இடத்தில் கூண்டை வைக்க வேண்டும்.

சத்துகள் சேர்த்துச் செய்த பெல்லட் தீனி உணவில் பாதிக்குமேல் இருக்கலாம். மீதி காய்கறியும் கீரையும், சிறிது பழமும், பரிசாகச் சில விதைகளும் போதும். பெல்லட் கிடைக்காவிட்டால் உப்பில்லாமல் வேகவைத்த தானியம், பயறு, காய்கறிக் கலவை கைகொடுக்கும். வைட்டமின் மருந்தை மருத்துவர் சொல்லாமல் தண்ணீரில் கலக்கக்கூடாது. அது விரைவில் வீரியம் இழக்கும், தண்ணீரில் கிருமியும் பெருகும்.

உண்பதற்கு உழைப்பும் வேண்டும். காட்டில் நாளின் பல மணி நேரத்தை இரை தேடுவதில் கழிக்கும் பறவை இது. தென்னை ஓலையில் முடிந்த பொட்டலம், தேங்காய் மட்டையின் நாருக்குள் செருகிய காய்த்துண்டு போன்றவை அதைச் சலிப்பிலிருந்து மீட்கும். சிறகைப் பிய்த்துக்கொள்ளும் பழக்கமும் இதனால் குறைவதுண்டு.

தவிர்க்க வேண்டியவை

வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ, சாக்லேட், டீ, காபி, மது ஆகியவை கிளிக்கு நஞ்சு. வெங்காயம், பூண்டு, உப்பிட்ட தின்பண்டம், ஆப்பிள் விதை, வேகாத ராஜ்மா ஆகியவையும் ஆகா. கொச்சியின் ஈரக்காற்றும் பெருமழையும் தனி எச்சரிக்கையைக் கேட்கின்றன. ஈரம் ஏறிய வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை, ஈரலைத் தாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும். தீனியைச் சிறிதளவே வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். முளைகட்டிய பயறும் சமைத்த உணவும் ஓரிரு மணி நேரத்துக்குமேல் கூண்டில் இருக்கக்கூடாது.

மாற்றம் நிலைத்தது எப்போது?

எடை பல வாரங்கள் சீராக இருந்து, எச்சம் இயல்பாகி, பலவகைக் காய்களைக் கிளி தானாகத் தேடித் தின்னும்போது மாற்றம் நிலைத்துவிட்டது எனலாம். அடுத்த முறை சிறகு உதிர்ந்து முளைக்கையில் புதிய சிறகின் பளபளப்பிலும் அது தெரியும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை தேவை.

வனத்துறையின் பொறுப்பிலுள்ள நாட்டுக்கிளிக்கு இந்தப் பயிற்சியில் இன்னொரு பயனும் உண்டு. அத்திப்பழம், கொய்யா, பூ, மொட்டு, பால்பிடித்த கதிர் ஆகியவற்றை உணவென்று அறியாத கிளியைத் திறந்துவிட்டால், அது பசியால் மடியும் அல்லது மீண்டும் மனிதர் கைக்கே வரும். எனவே விடுவிக்கும் முன் காட்டு உணவைக் கிளையோடு கொடுத்துப் பழக்க வேண்டும். பறக்கும் வலிமையும் கூட்டத்தோடு சேரும் இயல்பும் திரும்பியிருக்க வேண்டும். சிறகு சிதைந்து, விடுவிக்க முடியாமல் போன கிளிகள் எஞ்சிய ஆண்டுகள் முழுவதையும் பராமரிப்பில்தான் கழிக்கும். கூண்டில் ஒரு பச்சைக்கிளி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அத்தனை ஆண்டுகளும் அது நோயின்றி இருக்க, தொடக்கத்தில் உணவு பழக்கச் செலவிடும் சில மாதங்கள் அவசியம்.